ப, ட, இம்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். "படம்" என்று ஓர் அட்டையில் எழுதிக் காட்டினேன். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து "ப... ட... இம்" என்றான். சரி, சேர்த்துச் சொல்லு கண்ணு என்றேன். திரும்பவும் "ப, ட, இம்". இன்னும் வேகமாகச் சொல்லு என்றதும் "படயிம்". என்னடா சொல் அது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அப்புறம் மெதுவாக, "பட்டாணியா டீச்சர்?" என்றான்.

இது நடந்து பத்து வருடம் இருக்கும். அவனுக்கு எழுத்து தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247ஐயும் ராகம் போட்டுப் பாடுவான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கரும்பலகையில் எது இருந்தாலும் அச்சு மாதிரி நோட்டில் இறக்கிவிடுவான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவன் அப்பா பையன் நன்றாகப் படிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன், ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் என்னிடம்தான் இருக்கிறான் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவன் எழுதவில்லை, வரைந்துகொண்டிருந்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. நான்கும் ஐந்தும் ஹெச்.எம். சாருக்கு, ஒன்று இரண்டு மூன்று எனக்கு. ஒரே அறை, இருபத்துச் சொச்சம் பிள்ளைகள். 2007-08 கல்வியாண்டில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்ததே, அந்தச் சமயத்தில் வேலைக்கு வந்தவள் நான். அட்டைகள், கற்றல் ஏணி, சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை என்று எல்லாவற்றையும் அப்போதே பார்த்தாகிவிட்டது. அந்தக் கீழ்மட்டக் கரும்பலகையை இன்றைக்கும் தினமும் பயன்படுத்துகிறேன், அதைவிட உருப்படியான சாமான் என் அறையில் வேறு இல்லை. ஆனாலும் அட்டை கையில் இருந்தால் வாசிப்பு வந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் "பட்டாணி" ஒரு நல்ல அடி.

யோசித்துப் பார்த்தால் குற்றவாளி அந்த "இம்"தான். மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல வராது என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு அனுப்பி இக், இங், இச் என்று சொல்லித்தருகிறோம். துணைக்குப் போனது திரும்பி வருவதே இல்லை. குழந்தை எழுத்தின் பெயரைத்தான் சொல்கிறது, ஒலியைச் சொல்லவில்லை. பெயர்களை வரிசையாகக் கூட்டினால் சொல் எங்கிருந்து வரும்?

இப்போது நான் ஒன்றாம் வகுப்பில் "இம்" சொல்லித்தருவதில்லை. அதாவது முதல் சில மாதங்களுக்கு இல்லை, பிறகு பெயர் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக சோடா பாட்டில் மூடி. தரையில் சாக்பீஸால் பெரிதாக "படம" என்று புள்ளி இல்லாமல் எழுதுவேன். பிள்ளைகள் "படம" என்று இழுப்பார்கள். ஒரு குழந்தை போய் ம-வின் தலையில் மூடியை வைக்கும், வைத்த நொடியில் எல்லோரும் வாயை மூட வேண்டும். "படம்." மூடியை எடு, "படம". வை, "படம்". ம் என்றால் உதடு மூடும், ல் என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். "பல" மேல் மூடி வைத்தால் பல், "கல" மேல் வைத்தால் கல். புள்ளி என்பது ஓர் எழுத்தின் பெயரை மாற்றும் விஷயம் இல்லை, வாயில் நடக்கும் ஒரு நிறுத்தம் என்பது ஐந்து வயதுக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. எனக்குத்தான் பல வருடம் ஆனது.

இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதில் எழுத்தே கிடையாது. முதல் மூன்று நான்கு வாரம் காதுக்கு மட்டும்தான் பாடம். நாங்கள் அதை ஆமைப் பேச்சு என்போம். ஆமை பேசினால் எப்படிப் பேசும்? "வா... ழை... ப்... ப... ழம்." ஆமை என்ன கேட்டது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவர்களே ஆமையாக வேண்டும், இதுதான் கஷ்டம், சொல்லை உடைப்பது சேர்ப்பதைவிடக் கஷ்டம். வரிசையில் நிற்கும்போது, கை கழுவும்போது, சத்துணவுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் இதைச் செய்யலாம், ஒரு சாமானும் வேண்டாம். பட்டாணிப் பையனோடு முதலில் இதைத்தான் ஒரு மாதம் ஆடினேன். படிக்கத் தெரியாதவனோடு டீச்சர் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இன்னொன்று மஞ்சப்பை. பைக்குள் மணி, மல்லாட்டை (நிலக்கடலை), மாங்காய், மிளகாய், கல், கரண்டி, காசு, கயிறு என்று கையில் கிடைத்ததைப் போட்டு, பார்க்காமல் ஒன்றை எடுத்து அது எந்தச் சத்தத்தில் தொடங்குகிறதோ அந்த வட்டத்தில் வைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. மாங்காயையும் மிளகாயையும் ஒரே வட்டத்தில் வைக்கச் சொல்லி நான் மல்லுக்கட்டினேன், ஏதோ ஒரு பயிற்சியில் அப்படிச் சொன்னார்கள் என்று. பிள்ளைகளுக்கு அது வேறு சத்தம், நம் எழுத்திலும் அது வேறு எழுத்து. அவர்கள் சொன்னதுதான் நியாயம். மா தனி, மி தனி, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது பிறகு தானாகத் தெரியவரும், அதற்கு அவசரம் இல்லை.

காது பழகிய பிறகு எழுத்து. அ ஆ இ ஈ என்று ஆரம்பித்து வரிசையாகப் போனால் ஒரு குழந்தை முதல் சொல்லைத் தானாக வாசிப்பதற்குள் தீபாவளி வந்துவிடும். வரிசை பாடுவதற்கு நல்லது, அகராதி பார்ப்பதற்கு நல்லது, வாசிப்புக்கு அல்ல. என் கணக்கு இதுதான்: ப, ம, ட, க, ல, வ என்று ஆறு எழுத்து, ஒரு துணைக்கால், ஒரு புள்ளி, ஒரு "டு". இந்த ஒன்பது துண்டுகளை வைத்துக்கொண்டு எத்தனை சொல் வரும் என்று பாருங்கள். படம், மடம், வடம், பட்டம், வட்டம், மட்டம், கட்டம், பல், கல், பால், கால், வால், மாடு, காடு, கடல், மடல், பக்கம், கப்பல், பாலம், காலம். இருபது ஆகிவிட்டது, இன்னும் கிடைக்கும். ஜூலை முடிவதற்குள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை "கப்பல்" என்று வாசித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிக்கும் பாருங்கள். ர-வை மட்டும் வேண்டுமென்றே தள்ளிப்போடுவேன், அது துணைக்காலோடு குழப்பும், "கால்" என்பதைக் "கரல்" என்று படித்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள்.

அந்த "டு" ஏன் என்று கேட்கலாம். உகர வரிசை நம் எழுத்தில் ரொம்பக் கோணல். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி சுழிக்கும், சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும், து, நு, லு, ணு, னு, று வேறு மாதிரி வால் போடும். அதனால் பெரும்பாலும் உகரத்தைக் கடைசிக்குத் தள்ளுவோம். ஆனால் குழந்தையின் உலகத்தைப் பாருங்கள்: ஆடு, மாடு, வீடு, மூக்கு, நாக்கு, காது, காசு, பாட்டு, பந்து, பாம்பு, அடுப்பு, சோறு, ஆறு, கயிறு. பாதி உலகம் உகரத்தில்தான் முடிகிறது. கு, சு, டு, து, பு, று இந்த ஆறையும் அடையாளம் தெரிந்த ஆட்கள் மாதிரி முழுசாக அறிமுகப்படுத்திவிட வேண்டும், எப்படி இந்த வடிவம் வந்தது என்ற விளக்கம் எல்லாம் வேண்டாம். பெரிய வகுப்பில் குற்றியலுகரம் என்று இலக்கணத்தில் பயமுறுத்துகிறோமே, அதே ஆறுதான். மீதி உகரங்கள் மெதுவாக வரட்டும்.

அடுத்த பெரிய தலைவலி கொம்பு. ெ, ே, ை எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்கும், சத்தம் மட்டும் பின்னால் வரும். இடமிருந்து வலமாக விரல் வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, முதலில் வரும் கொம்பை மட்டும் இப்போது படிக்காதே, காத்திரு என்றால் குழந்தை என்ன செய்யும்? ொ, ோ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் நிற்கும். அதனால் ொ எல்லாம் வருடக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதைக் கெடுத்தது பொங்கல்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன்பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு வாசலில் காலடி வைத்ததும் ஒரே கேள்வி, இன்னைக்கு என்ன? வாயால் பதில் சொல்வதை நிறுத்தினேன். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மூன்று அட்டை எழுதி, அன்றன்றைய அட்டையை மட்டும் கதவில் மாட்டிவிடுவேன். இரண்டே வாரத்தில் ஒன்றாம் வகுப்பு முழுக்கப் "பொங்கல்" படித்தது. ஒரு நாள் வேண்டுமென்றே தப்பான அட்டையை மாட்டினேன். சமையலக்காவிடம் போய் ஒரு கூட்டமே சண்டை போட்டது, நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, சொல்லின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த முகம் கையில் இருந்தால் அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பிரித்துப் பார்க்கத்தான் டீ குடிக்கும் காகிதக் கப். முதலில் இரண்டு கப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒன்றின் விளிம்பைச் சுற்றி எழுத்து, இன்னொன்றில் துணைக்கால் முதலானவை எழுதினேன். சுழற்றினால் கா, பா, மா வந்தது. கொம்புக்கு இடம் இல்லை, அது இடது பக்கம் அல்லவா வர வேண்டும்? மூன்று கப் ஆக்கினேன். இடது ஓரக் கப்பில் ஒரு வெற்றிடம், ெ, ே, ை. நடுக் கப்பில் எழுத்துகள். வலது ஓரக் கப்பில் ஒரு வெற்றிடம், ா. மேசையில் படுக்கவைத்துச் சுழற்ற வேண்டும். ஒரு விளக்கமும் கொடுக்காமல் இரண்டாம் வகுப்பு மேசையில் வைத்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "டீச்சர், கெ-யும் கா-வும் ஒண்ணா வந்தா கொ டீச்சர்!" கதவில் தொங்கிய பொங்கலையும் காட்டினாள். வருடா வருடம் நான் சார்ட்டில் எழுதிப்போட்டதுதான் அது, யாரும் ஓடிவந்ததில்லை. ஒரு விஷயம், ி, ீ இரண்டுக்கும் இந்தக் கப் சரிப்படாது, அவை எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சட்டை வாங்கும்போது வரும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை வெட்டி அதில் மேல்விலங்கை வரைந்து எழுத்து அட்டைமேல் வைக்கலாம். கோணல் மாணலாகத்தான் உட்காரும், பரவாயில்லை.

கொம்பு பற்றிச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. பேத்தியை விட வந்த ஓர் ஆயா, அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உட்கார்ந்தார், நடுவில் எழுந்து கரும்பலகையில் "யானை" என்று எழுதினார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய னை, துதிக்கை மாதிரி மேலே வளைந்து நிற்குமே, அது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆயா சளைக்காமல், "எங்க காலத்துல யானைக்குத் தும்பிக்கை இருந்துச்சு, உங்க காலத்துல வெட்டிட்டாங்க" என்றார். அன்றைக்கு ஐ வரிசைக்கு நான் பாடம் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

சரி, பலிக்காததையும் சொல்ல வேண்டும். செயல்பாடு என்றாலே புளியங்கொட்டை ஒட்டுவது என்று ஆகிவிட்டது. எழுத்தின் மேல் பசை தடவி விதை ஒட்டுவது, போட்டோவில் அவ்வளவு அழகாக இருக்கும். நானும் நிறையச் செய்திருக்கிறேன். ஓர் எழுத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும், அந்த நாற்பது நிமிடமும் குழந்தையின் கவனம் கொட்டையிலும் பசையிலும்தான் இருக்கும், எழுத்து என்ன சத்தம் என்பதை ஒரு தடவைகூடச் சொல்லியிருக்காது. ஒரு வருடம் புளியங்கொட்டைக்குப் பதில் மல்லாட்டையில் "ம" ஒட்டினோம். மதியத்துக்குள் ம-வின் ஒரு பக்கம் காணோம். யார் தின்றது என்று கேட்டதற்கு அணில் என்று ஒரே குரலில் பதில் வந்தது. அதே நேரத்தில் மண்ணில் விரலால் எழுதுவது வேறு விஷயம். திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நடப்பதுதான், சத்தத்தைச் சொல்லிக்கொண்டே எழுது, அழி, எழுது, ஐந்து நிமிடத்தில் இருபது தடவை. பழைய தட்டில் கொஞ்சம் மணல் போதும்.

பாண்டி ஆட்டமும் அப்படித்தான் ஏமாற்றும். கட்டத்தில் எழுத்து எழுதிவிட்டு நொண்டியடிக்கச் சொன்னால் ஒருத்தி குதிப்பாள், இருபது பேர் வரிசையில் நின்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தேன், முக்கால் மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை வாய்ப்பு வந்தது. இப்போது நாலு பேருக்கு ஒரு பாண்டி. ஒருவர் அட்டையிலிருந்து சொல்லை வாசிப்பார், ஒருவர் அந்தச் சொல்லின் எழுத்துகளில் வரிசையாகக் குதிப்பார், ஒருவர் அதைக் கீழ்க்கரும்பலகையில் எழுதுவார், ஒருவர் சரியா என்று பார்ப்பார், பிறகு மாறுவார்கள். எந்தச் செயல்பாட்டையும் இப்போது இந்த ஒரு கேள்வியால்தான் எடை போடுகிறேன்: பத்து நிமிடத்தில் ஒரு குழந்தை எத்தனை தடவை உண்மையிலேயே ஒரு சொல்லை வாசித்தது? பதில் ஒன்று, இரண்டு என்றால் அது விளையாட்டு நேரத்துக்கு நல்லது.

வருகைப் பதிவை இந்தக் கணக்கில் மிஞ்ச எதுவும் இல்லை. கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப், ஒவ்வொருவர் பெயரும் ஓர் அட்டையில். உள்ளே வந்ததும் தன் அட்டையைத் தேடி மாட்ட வேண்டும், வராதவர் யார் என்று மூன்றாம் வகுப்பு படித்துச் சொல்லும். இதில் ஒரு வேடிக்கை, இப்போது ஊரில் வைக்கும் பெயரெல்லாம் யாஷிகா, ஜஸ்வந்த், ஹரிணி, தர்ஷன். குழந்தை தன் வாழ்க்கையில் முதலில் படிக்க ஆசைப்படும் எழுத்து 247இலேயே இல்லை! முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஷ தெரிந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளால் எனக்கு என்ன நஷ்டம்?

இனி மல்லாட்டை விஷயம். படத்தில் நிலக்கடலை, கீழே "நிலக்கடலை" என்று எழுதியிருக்கிறது. ஒரு பையன் ஒவ்வொரு எழுத்தையும் கூட்டி "நி, ல, க், க, ட, லை" என்று கஷ்டப்பட்டு முடித்துவிட்டு, கடைசியில் சத்தமாக "மல்லாட்டை!" என்றான். எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர், வேறு பெயர் அவன் கேட்டதே இல்லை. தப்பு என்றேன். அவன் முகம் வாடியது, அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. யோசித்தால் அவன் செய்தது பெரிய காரியம், எழுத்தையும் கூட்டி, படத்தையும் பார்த்து, அர்த்தத்தையும் சொல்லிவிட்டான். இதே மாதிரிதான் வீடு என்பதை வூடு, கண் என்பதைக் கண்ணு, பல் என்பதைப் பல்லு என்று படிப்பதும். வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம், நான் மட்டும் என்ன? "கண்ணு" என்றால் உடனே தப்பு என்று வெட்டுவதை விட்டுவிட்டுச் சுவரில் இரண்டு பத்தி போட்டேன், வீட்டுச் சொல், புத்தகச் சொல். கண்ணு, கண். வூடு, வீடு. மல்லாட்டை, நிலக்கடலை. யார் புதிதாக ஒரு ஜோடி கண்டுபிடித்தாலும் எழுதிப்போடலாம். கொஞ்ச நாளில் அவர்களே என் பேச்சைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். "டீச்சர் நீங்க இப்ப இஸ்துகினு வான்னு சொன்னீங்க, இழுத்துக்கொண்டு வா."

வாக்கியத்துக்கு வந்ததும் இதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தினமும் ஒரு குழந்தை தன் வீட்டுச் செய்தியைச் சொல்லும், நான் அதைச் சார்ட்டில் எழுதுவேன், எல்லோரும் வாசிப்போம். "எங்க ஆயா மல்லாட்ட வறுத்துச்சு." இதை அப்படியே எழுதுவதா, "என் பாட்டி நிலக்கடலை வறுத்தார்" என்று மாற்றுவதா? மாற்றி எழுதினால் சொன்ன குழந்தையாலேயே அதை வாசிக்க முடிவதில்லை, அது அவள் ஆயாவும் இல்லை. முதல் வருடம் அப்படியே எழுதுகிறேன், இரண்டாம் வகுப்பில் பக்கத்திலேயே புத்தக வாக்கியமும் வரும். ஹெச்.எம். சாருக்கு இது இன்றுவரை பிடிக்கவில்லை, பேச்சுத்தமிழை எழுதிப் பழகினால் பிறகு மாறாது என்கிறார். நாங்கள் இதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், அவர் பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நாலாம் வகுப்பில் "வறுத்துச்சு" என்று பரீட்சையில் எழுதுபவர்கள் அவரிடம்தானே போகிறார்கள்.

யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் நம்புவது ஒன்றைத்தான். வேப்பமரத்தடியில் ஒவ்வொரு குழந்தையாகத் தனியாக உட்காரவைத்து மூன்று நிமிடம் படிக்கக் கேட்பது. பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வில் செய்வார்களே, எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சிறிய கதை, அதே படிக்கட்டுதான். கும்பலோடு சேர்ந்து படிக்கும்போது எல்லாக் குழந்தையும் படிக்கிற மாதிரி இருக்கும், பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து அரை நொடி தாமதமாகச் சொல்வதில் சிலர் கெட்டிக்காரர்கள். நம் பட்டாணிக்காரன் இரண்டு வருடம் அப்படித்தான் தப்பித்தான். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. திறந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டபோது மூன்றாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒன்றாம் வகுப்பு நிலையில் இருந்தார்கள். அடுத்த ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைக்கச் சொன்னபோது என் அறைக்கு அது சட்டை தைத்த மாதிரி பொருந்தியது, மூன்று வகுப்பும் எப்படியும் ஒரே அறைதானே. மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் உட்கார வெட்கப்பட்டால் அவனுக்கு மூடி வைக்கும் அதிகாரியாக ஒரு பதவி கொடுத்துவிடுவேன்.

கணக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது எல்லோரும் செய்வது. அதோடு ஒன்பது என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு வைக்கும் பொறியையும் கவனியுங்கள். அறுபது, எழுபது, எண்பது என்று வந்தவன் அடுத்து "ஒன்பது" என்றால் அது அவன் தப்பில்லை, காது அப்படித்தான் சொல்லும். கட்டுகளை வரிசையாக வைத்து எட்டுக் கட்டு எண்பது, ஒன்பது கட்டு தொண்ணூறு, ஒன்பது குச்சி ஒன்பது என்று கையால் தூக்கவைத்தால் தீரும், வாயால் மட்டும் சொல்லித் தீராது.

பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரில் சில குடும்பங்கள் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடும், பிள்ளைகளோடு. திரும்ப ஜூன் ஆகும். அத்தனை மாதம் கழித்து வந்தால் எல்லாம் மறந்திருக்கும், மறுபடி ப, ம, ட. போன ஜனவரியில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கிளம்பும்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் அவன் படித்த நாற்பது சொல் அட்டைகளைப் போட்டுக் கொடுத்தேன். அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தினம் ராத்திரி பத்து அட்டை எடுத்து அவன் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும், நீங்கள் கேட்டால் மட்டும் போதும் என்றேன். அந்த அம்மா தலையாட்டினார், எனக்குப் பெரிதாக நம்பிக்கை இல்லை.

ஜூனில் டப்பா திரும்பி வந்தது, மூடி நசுங்கி, செம்மண் அப்பி. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு. மூன்றைத் தங்கச்சி கிழித்துவிட்டாளாம். அடியில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் கிழித்த துண்டுகள் வேறு கிடந்தன, கரித்துண்டால் எழுதியவை. கல்லு. லாரி. மல்லாட்ட. சுள.

சுள என்றால் என்னடா என்றேன். "சூள டீச்சர், நாங்க இருந்தம்ல."

நான்கையும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். இன்னும் திருத்தவில்லை.